இரவில் எடுத்த படம் பொய் சொல்லுமா?

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு நாள் மாலை, எங்கள் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஒரு கையில் பழைய டார்ச், மறு கையில் புது டார்ச். முகத்தில் கோபம்.

"சார், கடைக்காரர் ஏமாத்திட்டார். ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"ராத்திரி போட்டோ எடுத்துப் பார்த்துட்டேன் சார்" என்று தம் செல்பேசியை நீட்டினார்.

இரண்டு படங்கள். அவர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர். ஒன்றில் பழைய டார்ச்சின் வெளிச்சம், மற்றதில் புதியதன் வெளிச்சம். உண்மைதான், இரண்டு வட்டங்களும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத்தான் தெரிந்தன. பழையது இரண்டு மின்கலம் போட்டு எரியும் இழை பல்பு டார்ச். புதியது எல்.இ.டி. டார்ச், அதன் அட்டைப் பெட்டியில் "2 கிலோமீட்டர் பாயும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

டார்ச் எதற்கு என்று கேட்டேன். அவருடைய அப்பா விவசாயி. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் பல நாள் இரவில்தான் வருகிறது. நள்ளிரவில் வரப்பின்மேல் நடந்து போய் மோட்டாரைப் போட்டு, மடை திருப்பிவிட்டு வரவேண்டும். ஆடி மாதத்தில் பக்கத்து வயல்காரர் அதே வரப்பில் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டு, இருபது நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்திருக்கிறார். அதனால்தான் புது டார்ச். எது நல்ல டார்ச் என்பது அந்த வீட்டில் விளையாட்டுக் கேள்வி அல்ல.

படங்கள் சொன்னது சரியா? உங்களிடமும் டார்ச் இருக்கும், காமிரா உள்ள செல்பேசியும் இருக்கும். ஆகவே இந்தக் கேள்வியை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். வாருங்கள், பார்ப்போம்.

முதலில் காமிரா என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தானியங்கி முறையில் இருக்கும் காமிரா, எதிரே உள்ள காட்சியின் சராசரி வெளிச்சத்தை அளக்கிறது. பிறகு, படம் மிகக் கருப்பாகவும் இல்லாமல் மிக வெளுப்பாகவும் இல்லாமல் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் அமையும்படி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும், உணர்திறனையும் மாற்றிக்கொள்கிறது. மங்கலான டார்ச் என்றால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். பிரகாசமான டார்ச் என்றால் சட்டென்று மூடிவிடும். இரண்டும் ஒன்றுபோல் வராமல் வேறு எப்படி வரும்? தராசில் ஒரு தட்டில் பொருளை வைத்ததும் மறு தட்டில் யாரோ எடைக்கல்லைப் போட்டுச் சமன் செய்துவிடுவது போன்றது இது. முள் நடுவில் நிற்பதைப் பார்த்து எல்லாப் பொருளும் ஒரே எடை என்று சொல்லலாமா? எந்த எடைக்கல் போடப்பட்டது என்பதை அல்லவா பார்க்கவேண்டும்!

நானே இப்படி ஏமாந்தவன்தான். 2002-ல் முதுகலை படித்தபோது, விடுதி மைதானத்தில் நான்கு விளக்குகளை ஒப்பிடுவதற்காகப் பிலிம் காமிராவில் கவனமாக, ஷட்டர் நேரத்தை மாற்றாமல், ஒரு முழுச் சுருள் எடுத்தேன். பிரிண்ட் வந்தது. நான்கு விளக்கும் ஒரே வெளிச்சம்! ஸ்டூடியோக்காரர் பெருமையுடன் சொன்னார்: "தம்பி, சில படம் ரொம்ப டல்லா இருந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணா வர்ற மாதிரி சரி பண்ணிட்டேன்." நல்ல மனிதர். என் ஒரு மாத உணவு விடுதிச் செலவில் பாதி அந்தச் சுருளில் போயிற்று. நல்லவேளையாக நெகடிவில் வேறுபாடு அப்படியே இருந்தது.

சரி, காமிராவை நம்பவேண்டாம், கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம் என்பீர்கள். கண் அதைவிட மோசமான நீதிபதி. பகலில் சுமார் 2 மில்லிமீட்டராக இருக்கும் கண்மணி, இருளில் 7 மில்லிமீட்டர் வரை விரிகிறது. இருட்டுக்கு விழித்திரை முழுதும் பழக அரை மணி நேரம் ஆகிறது. மேலும் வெளிச்சம் இருமடங்கானால் நமக்கு இருமடங்காகத் தெரிவதில்லை; "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். நேற்று பார்த்த டார்ச்சையும் இன்று பார்த்த டார்ச்சையும் நினைவில் வைத்து ஒப்பிடுவது, நேற்றுக் குடித்த காப்பியில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று இன்று சொல்வதைப் போன்றது.

ஆனால் கண்ணுக்கு ஒரு திறமை உண்டு. இரண்டு வெளிச்சங்களை அருகருகே வைத்தால், அவை சமமா இல்லையா என்பதை அது வெகு நுட்பமாகச் சொல்லிவிடும். இத்தனை மடங்கு என்று சொல்லத் தெரியாது. சமம் என்று சொல்லத் தெரியும். இதைத் தெளிவாக உணர்ந்து பயன்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே. ஒளியை அளப்பது பற்றிய அவருடைய நூல் 1729-ல் வெளிவந்தது. சூரிய ஒளியையும் முழுநிலவின் ஒளியையும் அவர் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் முடியாது. இரண்டையும் தனித்தனியே மெழுகுவத்தியின் ஒளியோடு சமன் செய்தார். சமமாகும்படி தொலைவை மாற்றினார், தொலைவிலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டார். சூரியன் நிலவைவிடச் சுமார் 3 லட்சம் மடங்கு என்று அவருக்கு விடை கிடைத்தது. இன்றைய மதிப்பு சுமார் 4 லட்சம் மடங்கு. மெழுகுவத்தியும் வெறுங் கண்ணும் கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம் இல்லையா?

பிற்காலத்தில் பன்சன் செய்த எண்ணெய்ப் பொட்டு ஒளிமானியும் இதே கருத்தில் அமைந்ததுதான். ஆம், ஆய்வுக்கூட எரியடுப்புக்குப் பெயர் தந்த அதே பன்சன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுங்கள். தாளின் இருபுறமும் ஒவ்வொரு விளக்கை வைத்து நகர்த்துங்கள். இருபுறமும் ஒளி சமமாகும் இடத்தில் எண்ணெய்ப் பொட்டு ஏறக்குறைய மறைந்துபோகும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பூகே தொலைவை மாற்றிச் சமன் செய்தார் அல்லவா? நாம் ஷட்டர் நேரத்தை மாற்றிச் சமன் செய்வோம். காமிராவின் துளை அளவும் உணர்திறனும் மாறாமல் இருந்தால், படத்தில் விழும் ஒளியின் அளவு, ஒளியூட்டத்தையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு டார்ச்சுக்கு 1 நொடியும் மற்றொன்றுக்கு கால் நொடியும் கொடுத்தபோது இரண்டு படங்களும் சமமாக வந்தால், இரண்டாவது நான்கு மடங்கு வலியது. அவ்வளவுதான்.

படத்தில் உள்ள வெளுப்பை எண்களால் அளந்து நேரடியாக விகிதம் கண்டால் என்ன என்று கணிப்பொறி தெரிந்த மாணவர்கள் கேட்கக்கூடும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கணிப்பொறிப் படத்தில் ஒரு புள்ளியின் மதிப்பு 100, மற்றொன்றின் மதிப்பு 200 என்றால், இரண்டாவதில் இருமடங்கு ஒளி என்று பொருள் அல்ல. சுமார் நாலரை மடங்கு. நம் கண்ணுக்கு இசைவாக இருக்கும்படி அந்த எண்கள் வளைத்து எழுதப்படுகின்றன. அதுவுமன்றி, ஒளி ஓர் எல்லையைத் தாண்டினால் புள்ளி வெறும் வெள்ளையாகிவிடும். அதற்குமேல் பத்து மடங்கு ஒளி வந்தாலும் அதே வெள்ளைதான். சமன் செய்யும் முறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வட்டத்தின் நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் சாம்பலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த நாள் இரவு நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்தோம். கடைசிச் சுவரில் ஒரு வெள்ளை வரைபடத் தாளை ஒட்டினோம். காமிராவை முக்காலியில் பொருத்தி, துளையை எஃப் 4 என்றும் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 400 என்றும் நிறுத்தினோம். செல்பேசியில் துளை பொதுவாக மாறாது. மற்றவற்றைக் கையால் அமைக்கும் வசதி பல செல்பேசிகளில் 'ப்ரோ' என்ற பெயரில் இருக்கிறது. 'இரவுமுறை' என்பதை மட்டும் தொடவேண்டாம். அது பல படங்களை அடுக்கிச் சேர்த்துத் தன் விருப்பம்போல் ஒளியைக் கூட்டிவிடும். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரை உள்ளே உட்காரவைத்தது போல.

நிறத்தையும் 'பகலொளி' என்று நிலையாக வைத்தோம். தானியங்கியாக விட்டால் இழை பல்பின் மஞ்சள் ஒளியையும் எல்.இ.டி.யின் நீலம் கலந்த வெள்ளையையும் காமிரா ஒரே வெள்ளையாக்கிவிடும். நிலையாக வைத்தபோது பழைய டார்ச்சின் வட்டம் ஆரஞ்சுப் பழம் போல் வந்தது. ஒப்பிடும்போது படங்களைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டோம்.

முதலில் டார்ச் அல்ல, மெழுகுவத்தி. ஏன் தெரியுமா? ஒளிச்செறிவின் அலகு கேண்டெலா. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு மெழுகுவத்தி என்றே பொருள். 1979-ல் இந்த அலகுக்குப் புதிய, மிகத் துல்லியமான வரையறை தரப்பட்டுவிட்டது. ஆனாலும் சாதாரண மெழுகுவத்தி இன்றும் ஏறத்தாழ 1 கேண்டெலாதான். அதைத் தாளிலிருந்து சரியாக 1 மீட்டரில் வைத்தால் தாளில் விழும் ஒளியூட்டம் 1 லக்ஸ். காற்றில் ஆடாத சுடர் வேண்டும்; திரி நீண்டு புகையக்கூடாது. இதில் கால் பங்கு வரை பிழை வரலாம். கடைக்காரர் அட்டையில் உள்ள பிழையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று சற்று நேரத்தில் காண்பீர்கள்.

மெழுகுவத்தி ஒளியில், 2 நொடி திறந்தபோது தாள் நடுத்தரச் சாம்பலாக வந்தது. இதுவே எங்கள் எடைக்கல்.

பிறகு டார்ச்சுகளைத் தாளிலிருந்து 10 மீட்டரில் வைத்தோம். மிக அருகில் வைத்து அளக்கக்கூடாது. ஆடியிலிருந்து வரும் கற்றை ஓரளவு தூரம் போனபிறகுதான் எதிர் இருமடி விதிக்குக் கட்டுப்படுகிறது. ஒவ்வொரு டார்ச்சையும் ஏற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, வரிசையாக 2 நொடி, 1 நொடி, அரை நொடி, கால் நொடி என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் படம் எடுத்தோம். காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எல்.இ.டி. சூடேறச் சூடேற ஒளி சற்றுக் குறையும். மின்கலங்களும் புதியனவாக இருக்கவேண்டும். பாதி தீர்ந்த கட்டையைப் போட்டுவிட்டு டார்ச்சைக் குறை சொல்வது நியாயமில்லை.

இங்கே ஒரு மாணவர் நல்ல கேள்வி கேட்டார். காமிராவைத் தாளுக்கு அருகில் வைப்பதா, டார்ச்சுக்கு அருகில் வைப்பதா? தூரத்தில் வைத்தால் எதிர் இருமடி விதிப்படி படம் மங்கிவிடாதா? மங்காது. இருமடங்கு தொலைவுக்குப் போனால் தாளிலிருந்து காமிராவுக்குள் வரும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைவது உண்மை. ஆனால் தாளின் பிம்பமும் பரப்பில் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. குறைந்த ஒளி, குறைந்த பரப்பில். ஆகவே பிம்பத்தின் பிரகாசம் மாறுவதில்லை. காமிரா எங்கிருந்தாலும் சரிதான், டார்ச்சின் தொலைவுதான் முக்கியம்.

விடைகளுக்கு வருவோம். பழைய இழை டார்ச், 8-ல் ஒரு பங்கு நொடியில் மெழுகுவத்திப் படத்துக்குச் சமமாயிற்று. 2 நொடியை 8-ல் ஒரு பங்கால் வகுத்தால் 16. அதாவது தாளில் 16 லக்ஸ். தொலைவின் இருமடியால், அதாவது 100-ஆல் பெருக்க, ஒளிச்செறிவு 1,600 கேண்டெலா. புதிய டார்ச்சுக்கு 60-ல் ஒரு பங்கு நொடியே போதுமாக இருந்தது. விகிதம் 120, ஒளிச்செறிவு 12,000 கேண்டெலா. 'ரெண்டும் ஒண்ணு' என்று படத்தில் தெரிந்தவை உண்மையில் ஏழரை மடங்கு வேறுபட்டவை!

மாணவரின் முகம் மலர்ந்தது. கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று ஆயிற்று. ஆனால் அந்த 2 கிலோமீட்டர்?

டார்ச் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு 2009-ல் அமெரிக்காவில் எஃப்.எல். 1 என்ற தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. கற்றையின் நடுவில் ஒளியூட்டம் கால் லக்ஸாகக் குறையும் தொலைவே அதன் பாய்ச்சல் தூரம். கால் லக்ஸ் என்பது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சம். கணக்கு எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கவேண்டும். பழைய டார்ச்சுக்கு 80 மீட்டர். புதியதற்குச் சுமார் 220 மீட்டர். 2 கிலோமீட்டர் பாயவேண்டுமென்றால் 10 லட்சம் கேண்டெலா வேண்டும், இருப்பதோ 12,000. மெழுகுவத்தியில் கால் பங்கு பிழை இருந்தாலும் 80 மடங்குப் பள்ளத்தை அது நிரப்பாது. 220 மீட்டர்கூட, நிலவொளியில் அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும் தூரம்தான். ஆளா மாடா என்று தெரியவேண்டுமானால் அதில் பாதிதான் என்பது என் கருத்து.

ஒரே மாதிரி மின்கலம், ஆனால் ஒன்று தூரம் பாய்கிறது, மற்றொன்று பாயவில்லை. எதனால்? பரவளைய ஆடியின் குவியத்தில் வைத்த புள்ளி மூலத்திலிருந்து இணைக் கற்றை வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் உண்மையில் புள்ளி மூலம் எங்கே இருக்கிறது? இழைக்கும் அகலம் உண்டு, எல்.இ.டி. சில்லுக்கும் அகலம் உண்டு. சில்லு 2 மில்லிமீட்டர் அகலமும் ஆடியின் குவியத்தொலைவு 10 மில்லிமீட்டரும் என்றால், கற்றை தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு விரியும். 10 மீட்டரில் 2 மீட்டர் அகல வட்டம். சில்லைச் சிறிதாக்கினால் வட்டம் சுருங்கும், நடுவில் ஒளி செறியும். ஆகவே பாய்ச்சல் தூரம் கூடுவதால் மொத்த ஒளி கூடியிருக்கிறது என்று பொருள் அல்ல. மொத்த ஒளியை லூமெனில் சொல்வார்கள். அதைக் குவிப்பதும் விரிப்பதும் ஆடியின் வேலை. அட்டையில் லூமென் மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதற்குள் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் தம் டார்ச்சையும் கொண்டுவந்து நீட்டினார். விலை குறைந்தது, ஆழமான ஆடி இல்லை, முகத்தில் பால்போன்ற வெள்ளைத் தகடு. 10 மீட்டரில் அதற்கு 1 நொடி தேவைப்பட்டது. அதாவது 2 லக்ஸ்; 200 கேண்டெலா; பாய்ச்சல் 28 மீட்டர்தான். எல்லாரும் சிரித்தார்கள். "இதைக் கொண்டு கொசுகூடப் பிடிக்க முடியாது அண்ணே" என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. எல்லாரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். ஓரமாக இருந்த ஒற்றையடிப் பாதையில் நின்று, மூன்று மீட்டர் முன்னால் தரையில் டார்ச் அடிக்கச் சொன்னேன். காமிராவைக் கண் உயரத்தில் வைத்து, இம்முறை எல்லா டார்ச்சுக்கும் ஒரே ஷட்டர் நேரம் கொடுத்துப் படம் எடுத்தோம். புதிய டார்ச்சின் படத்தில் தரையில் ஒரு அடி அகலத்தில் வெள்ளை வட்டம். அதைச் சுற்றி ஏறக்குறையக் கும்மிருட்டு. கணக்குப்படி அந்த வட்டத்தில் 1,300 லக்ஸுக்கு மேல். வகுப்பறைக்கு 300 லக்ஸ் தாராளம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்த கண்ணின் கண்மணி சுருங்கிவிடும். வட்டத்துக்கு வெளியே இருப்பது இன்னும் தெரியாமல் போகும்.

உதவியாளரின் டார்ச்சு எடுத்த படத்தைப் பார்த்தோம். கண்ணைப் பறிக்கும் இடம் எதுவும் இல்லை. ஆனால் பாதை, இருபுறமும் உள்ள புல், உடைந்த செங்கல், மாணவர் ஒருவர் வேண்டுமென்றே ஓரமாகப் போட்டிருந்த தாம்புக் கயிறு, எல்லாம் மூன்றரை மீட்டர் அகலத்துக்குத் துலங்கின. அங்கே 22 லக்ஸ் இருக்கிறது. முழுநிலவைப்போல் கிட்டத்தட்ட 90 மடங்கு. புதிய டார்ச்சின் படத்தில் அந்தக் கயிறு இல்லவே இல்லை.

மாணவர் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "பாம்பு 220 மீட்டர்ல இருந்தா நமக்கென்ன சார்" என்றார்.

புதிய டார்ச்சை வீணாக்கவில்லை. கிணற்று மேட்டில் நின்று வாய்க்காலின் கடைமடை வரை நீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அது நன்றாக உதவுகிறதாம். நடக்கும்போது அவர் அப்பா கையில் இருப்பது அகன்ற முகம் கொண்ட விலை குறைந்த டார்ச். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் மாணவர் இதைச் சொன்னார். கூடவே வரப்பில் எடுத்த ஒரு படத்தையும் காட்டினார். துளை, உணர்திறன், ஷட்டர் நேரம் மூன்றையும் படத்தின் கீழேயே குறித்திருந்தார்.